தலையணை உயரம்

நூலகத்தின் பின்னறையில் சனிக்கிழமை காலை நடக்கும் ஓவிய வகுப்பில் மொத்தம் ஒன்பது பேர். எட்டுப் பேர் அவரவர் இஷ்டத்துக்கு வருவார்கள். ஒன்பதாவது ஆள் பத்து மணி வகுப்புக்கு ஒன்பதே முக்காலுக்கே வந்து, பூட்டிய கதவின் முன் பையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பாள். அவளைக் கடியாரக்கா என்று கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் மிச்சமிருந்தது.

அந்தப் பட்டம் ஆஸ்பத்திரியில் கிடைத்தது. நெடுநாள் படுக்கையில் கிடப்பவர்களுக்கான வார்டில் அவள் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தாள். நர்ஸ் இல்லை, முறையாகப் படித்துத் தேறிய பராமரிப்பு உதவியாளர். அசைய முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பது அந்த வேலையின் முதல் பாடம். இடது பக்கம், மல்லாந்து, வலது பக்கம். பிறகு மறுபடி முதலிலிருந்து. விட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்து, கன்றி, உடைந்து புண்ணாகிவிடும். அந்தப் புண் ஆற மாதக்கணக்காகும். சில பேருக்கு அது ஆறுவதற்குள் ஆளே போய்விடுவார். கடியாரக்கா ஒரு தடவையும் விட்டதில்லை. டீ பாதியில் இருந்தாலும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். "கடியாரம் அடிச்சிருச்சு, எல்லாரும் எந்திரிங்க" என்று கூட இருந்தவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அவர்களும் எழுந்திருப்பார்கள்.

ஓவிய வகுப்புக்கு அவள் வந்தது ஓவிய ஆசையில் அல்ல. முழங்காலுக்காக டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நூலகம் சரியான தூரத்தில் இருந்தது. போய்ச் சேர்ந்ததும் உட்கார நாற்காலி இருந்தது. ஓவிய டீச்சர் காகிதத்தையும் கரித்துண்டையும் கையில் கொடுத்துவிட்டாள். அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை டீச்சர் புது வேலை கொடுத்தாள்.

"இந்தத் தடவை மிக்ஸட் மீடியா. வெறும் பெயிண்ட் இல்ல. துணி, காகிதம், நூல், மரத்துண்டு, வீட்டுல கிடக்கிற பழைய சாமான், எது வேணும்னாலும் ஒட்டலாம். ஆனா விஷயம் உங்க மனசுக்கு நெருக்கமானதா இருக்கணும். யாரும் இப்பவே பசையை எடுத்துடாதீங்க. முதல்ல திட்டம் எழுதணும். என்ன சொல்லப் போறீங்க, யாருக்குச் சொல்லப் போறீங்க, எதை வச்சு, எங்க மாட்டப் போறீங்க."

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒரு அம்மாள் தெருநாய்கள் என்றாள். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஆற்றில் மிதக்கும் பிளாஸ்டிக் என்றார். அவருக்குப் பக்கத்தில் கைத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த பெயிண்டர், வீடுகளுக்கு வெள்ளை அடிக்கிறவர், "என் மனசுக்கு ரொம்ப நெருக்கமானது, ஏறி நின்னு வெள்ளை அடிப்பேனே, அந்தச் சாரம்தான் டீச்சர். அதுதான் என்னைக் கீழ தள்ளிவிட்டுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"நீங்கம்மா?" என்றாள் டீச்சர்.

"படுக்கைப் புண்" என்றாள் கடியாரக்கா.

நாய் அம்மாள் கையிலிருந்த பிஸ்கட்டைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தாள்.

"புண்ணைப் போடப் போறதில்ல" என்று கடியாரக்கா அவளைப் பார்த்துச் சொன்னாள். "புண் வராம இருந்ததைப் போடப் போறேன். நீங்க பிஸ்கட்டைச் சாப்பிடுங்க."

*

புண் வராமல் இருந்தது யாருக்கு என்பதை வகுப்பில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் அவளுக்குத் தோன்றவில்லை.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நகரத்துப் பெரிய கட்டடங்களின் குடலெல்லாம் அவருக்கு அத்துப்படி. வாய் ஓயாத மனிதர். எங்காவது லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டிக் கத்துவார்கள். மற்ற மெக்கானிக்குகள் நேராக மோட்டார் அறைக்கு ஓடுவார்கள். இவர் முதலில் கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுப்பார். உள்ள எத்தனை பேர், எந்த மாடிக்குக் கிளம்பினீங்க, காலையில என்ன சாப்பிட்டீங்க, வெளிச்சம் போதுமா. "கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தா மனுஷன் பயப்பட மாட்டான்" என்பார். ஒரு தடவை உள்ளே மாட்டிய கிழவர் ஒருவர், கதவு திறந்த பிறகும் வெளியே வராமல் தன் மருமகனைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டுத்தான் வந்தாராம். அந்தக் கதையை இவர் ஐம்பது தடவை சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் மருமகன் இன்னும் கொஞ்சம் கெட்டவனாகிவிடுவான்.

அந்த வாய் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்க்கும்போது நின்றுபோனது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. கையும் காலும் போயின, பேச்சு போயிற்று. காது கேட்டது. கண் அசைந்தது. கடியாரக்கா ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது; வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். அதன் பிறகு அவர் நாலு வருஷம் இரண்டு மாதம் இருந்தார்.

நாலு வருஷம் இரண்டு மாதத்தில் ஒரு புண் கூட இல்லை. சிவப்பு கூட இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் ஒருவர் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "இவர் எப்போ படுத்தார்னு சொன்னீங்க?" என்று இரண்டாம் தடவை கேட்டார். அவளுக்கு அந்தக் கேள்வியை மிஞ்சிய பாராட்டு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. பிறகு வீட்டுக்காரர் இறந்துபோனார். அந்த நாலு வருஷ உழைப்புக்கு இருந்த ஒரே சாட்சி அவருடைய முதுகுதான். அதுவும் அவரோடு போய்விட்டது. ஆறு வருஷமாக அது அவளுக்குள் சொல்லாத சேதியாகக் கிடந்தது.

இப்போது அதைச் சொல்ல ஓர் இடமும் கிடைத்தது. அவளோடு ஒன்றாகப் படித்தவள் ஒருத்தி, பராமரிப்பு உதவியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் நிலையத்துக்கு இப்போது தலைவி. போனில் விஷயத்தைக் கேட்டதும் குதித்தாள்.

"ஏய் கடியாரம், செய்டி! எங்க தாழ்வாரத்துல அவ்வளவு பெரிய செவுரு சும்மா கிடக்கு. வர்ற பிள்ளைங்க உள்ள நுழையும்போதே பார்க்கட்டும். நாலு வருஷம், ஒரு புண் இல்ல! எழுத்துல பெருசா போட்டுரு."

கடியாரக்கா வீட்டுக்குப் போய்த் திட்டம் எழுத உட்கார்ந்தாள். நாலடிக்கு மூன்றடி ப்ளைவுட் பலகை. அதன் மேல் அவர் படுத்திருந்த வெள்ளை விரிப்பு, இழுத்து ஒட்டியது. நடுவில் கரித்துண்டில் அவர் முதுகு. சுற்றிலும் கடியார முகம் போல பன்னிரண்டு இடம். ஒவ்வொன்றிலும் அவள் எழுதி வைத்த நோட்டிலிருந்து ஒரு தாள். அந்த நோட்டுகள் பதினொன்று இருந்தன. நேரம் போட்டு, பக்கத்தில் இ, ம, வ என்று ஓர் எழுத்து. இடது, மல்லாந்து, வலது. குதிகாலுக்கு அடியில் வைத்த சின்னத் தலையணையின் உறை. எண்ணெய்ப் புட்டியின் மூடி. கட்டுப் போடும் மெல்லிய காஸ் துணி.

கீழ்வீட்டில் இருக்கும் தங்கச்சி மேலே வந்து, தரை முழுக்கப் பரப்பிக் கிடந்ததைப் பார்த்தாள். தங்கச்சி டெய்லர், துணியைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. விரிப்பின் ஓரத்தை விரலால் உருட்டிப் பார்த்தாள்.

"இதை இன்னுமா வச்சிருக்கே?"

"நல்ல துணிடி."

"நல்ல துணிதான். மனுஷங்க வீட்டுல கல்யாண போட்டோவை மாட்டுவாங்க. நீ படுக்கை விரிப்பை மாட்டப் போறே."

"வீட்டுல மாட்டல. ஓரத்துக்கு ஒரு தையல் போட்டுக் குடு."

"எந்த நூல்ல?"

"வெள்ளையில. கண்ணுக்குத் தெரியக் கூடாது."

"தெரியாத தையலுக்கு என்னைக் கூப்பிடு. நீ மட்டும்தான் என் வேலையைக் கண்ணுக்குத் தெரியக் கூடாதுன்னு சொல்றவ" என்று முணுமுணுத்துக்கொண்டே விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

முதுகை வரைவது கடியாரக்காவுக்குக் கஷ்டமாக இல்லை. அந்த முதுகில் எங்கே மச்சம், எங்கே எலும்பு துருத்தும், எந்த இடத்தில் எண்ணெய் சீக்கிரம் காயும் என்று கைக்கே தெரிந்திருந்தது. வரைந்து கொண்டிருக்கையில் பழைய காலைகள் ஒவ்வொன்றாக வந்தன. ஆறு மணித் திருப்பலின்போது பால்காரனின் சைக்கிள் மணி கேட்கும். எட்டு மணிக்கு எதிர்வீட்டு ரேடியோ. பத்து மணிக்குத் தெரு அமைதியாகிவிடும். அப்போது எண்ணெய் தேய்ப்பாள், வார்டில் நடந்த பழைய வேடிக்கைகளைச் சொல்லிக்கொண்டே. முன்பு அவர் பேசுவார், அவள் கேட்பாள். அந்த நாலு வருஷம்தான் அவள் பேசினாள், அவர் கேட்டார். கல்யாணமான முப்பத்தொரு வருஷத்தில் அவளுக்கு முழுதாகப் பேச முறை வந்தது அப்போதுதான் என்பது நினைத்தால் சிரிப்பாக இருந்தது.

*

அடுத்த சனிக்கிழமை எல்லோரும் திட்டத்தை மேஜைமேல் பரப்பினார்கள். கடியாரக்காவின் தாளை டீச்சர் இரண்டு தடவை படித்தாள். "இப்படியே ஆரம்பிக்கலாம்மா. ஒண்ணுமே மாத்த வேண்டாம்" என்றாள்.

பெயிண்டர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார்.

"அக்கா, இதுல படுத்திருக்கிற ஆளு எங்க?"

"இதோ. முதுகு தெரியல?"

"முதுகு தெரியுது. ஆளு எங்க?"

கடியாரக்காவுக்குச் சுருக்கென்றது. "முதுகு இல்லாம ஆளு உண்டா?"

"கோவிச்சுக்காதீங்க. நான் அஞ்சு மாசம் படுத்தவன். இடுப்பு எலும்பு ரெண்டு இடத்துல முறிஞ்சு, அசையக் கூடாதுன்னுட்டாங்க. என் மச்சான்தான் என்னைத் திருப்புவான், சிமெண்டு மூட்டையைத் திருப்புற மாதிரி. அந்த அஞ்சு மாசத்துல என் முதுகை நான் ஒரு தடவை கூடப் பார்த்ததில்ல. நான் பார்த்ததெல்லாம் செவுரு."

"செவுரா?"

"செவுரு! இடது பக்கம் திருப்பினா ஒரு செவுரு. செவுத்துல பூசின பட்டியைச் சரியாத் தேய்க்காம, மேலயே ஒரு கோட் அடிச்சிட்டுப் போயிருக்கான் எவனோ. கண்ணுக்கு நேரா ஒரு மேடு. இருபத்தஞ்சு வருஷம் செவுரு தேய்ச்சவன் நான். தினமும் எட்டு மணி நேரம் அந்த மேட்டைப் பார்த்துக்கிட்டே கிடக்கேன். கை இருந்தும் எந்திரிச்சுத் தேய்க்க முடியல. வலி கூட மறந்துபோச்சு அக்கா, அந்த மேடு மறக்கல. 'மச்சான், என்னை அந்தப் பக்கம் திருப்பாதடா'ன்னு அழுதிருக்கேன். அவன் புண்ணு வந்துரும் மாமான்னு சொல்லிட்டு அங்கேயே திருப்புவான்."

பாங்குக்காரர் சிரித்தார். நாய் அம்மாளும் சிரித்தாள். பெயிண்டரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கடியாரக்கா மட்டும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் என்ன பார்த்துக்கிட்டிருந்தார்?" என்று பெயிண்டர் சாதாரணமாகத்தான் கேட்டார். யாரைப் பற்றிய படம் என்று அவள் சொல்லாமலேயே அவருக்குப் புரிந்திருந்தது.

கடியாரக்கா தாளைச் சுருட்டிப் பையில் வைத்தாள். முதுகைப் பற்றிக் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பாள்.

*

கட்டில் முன்னறையில் போட்ட இடத்திலேயே இருந்தது. ஆறு வருஷமாக அதன்மேல் தங்கச்சியின் துணி மூட்டைகள்தான் படுத்திருந்தன. கடியாரக்கா மூட்டைகளைத் தரையில் இறக்கினாள். அவர் தலை வைத்த பக்கம் தலை வைத்து, அவரைப் படுக்க வைக்கிற முறையில், முதுகுக்கு ஒரு தலையணை, கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை கொடுத்து, இடது பக்கமாகப் படுத்தாள். கையை அசைக்கக் கூடாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டே கால்.

வலது பக்கம்தான் நல்ல பக்கம் என்று அவள் நினைத்திருந்தாள். அங்கே ஜன்னல் இருந்தது, தெரு இருந்தது. இடது பக்கம் வெறும் சுவரும் பீரோவும், பிறகு சமையலறை வாசலும். வாசலில் ஒரு திரை. பாவம், அந்தச் சுவரை எத்தனை நேரம் பார்ப்பார் என்று இரக்கப்பட்டு, இடது பக்கத்தை ஒன்றரை மணி நேரமாகக் குறைத்து, மிச்ச அரை மணியை ஜன்னல் பக்கத்தில் சேர்த்துவிடுவாள். நோட்டில் அப்படியே எழுதியிருந்தாள். அதைத் தன் பெருந்தன்மை என்றே நினைத்திருந்தாள்.

கால் மணி நேரம் சுவரைப் பார்த்தாள். பெயிண்டரின் சுவரைப் போல இல்லை, நன்றாகவே இருந்தது. பீரோவின் பக்கவாட்டைப் பார்த்தாள். தோள் வலிக்க ஆரம்பித்தது. அப்போது படியில் சத்தம் கேட்டது.

"அக்கா! ஐயோ, என்னாச்சு?" தங்கச்சி கையில் விரிப்போடு வாசலில் நின்றாள்.

"ஒண்ணும் ஆகல. டீ போடு."

"மயக்கமா? டாக்டரைக் கூப்பிடவா? என் மூட்டையெல்லாம் ஏன் தரையில கிடக்கு?"

"மயக்கம் வந்தவ மூட்டையை அடுக்கி வச்சுட்டா படுப்பா? போய் டீ போடுடி. நான் நாலே காலுக்குத்தான் எந்திரிப்பேன்."

தங்கச்சி எதையோ சொல்லிக்கொண்டே திரையை ஒதுக்கிச் சமையலறைக்குள் போனாள். திரை மறுபடி விழுந்தது. அந்தத் திரையைத் தைத்தவளும் அவள்தான். மிச்சத் துணியில் தைத்ததால் முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. நின்றுகொண்டு பார்த்தால் திரையும் வாசற்படியும்தான் தெரியும். தலையணை உயரத்திலிருந்து பார்த்தபோது, திரைக்குக் கீழே, சமையலறைத் தரை அடுப்பு மேடை வரைக்கும் தெரிந்தது. அந்தத் தரையில் தங்கச்சியின் இரண்டு கால்கள் நின்றன.

கடியாரக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கால்கள் அலமாரிப் பக்கம் போயின, சர்க்கரை தேடுகிறாள். திரும்பின. குதிகால் உயர்ந்தது, மேல் தட்டை எட்டுகிறாள். பிறகு ஒரு கால் மற்றக் காலின் மேல் ஏறி உட்கார்ந்து சொறிந்தது. தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை. முகம் தெரியாமலே அவள் என்ன செய்கிறாள், பொறுமையாக இருக்கிறாளா எரிச்சலாக இருக்கிறாளா என்று எல்லாம் தெரிந்தது.

நாலு வருஷம் இரண்டு மாதம் அந்தத் தரையில் நின்றது இவளுடைய கால்கள்.

அவர் குதிகாலுக்குத் தினமும் எண்ணெய் போட்டவள் தன் குதிகால் வெடித்துக் கிடந்ததை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அதை அவர் பார்த்திருக்கிறார். சூப் கொதிக்கும்வரை அவள் ஒற்றைக் காலில் நின்று முழங்காலுக்கு ஓய்வு கொடுப்பாள், பார்த்திருக்கிறார். சில நாள் தாங்காமல் தரையிலேயே காலை நீட்டி உட்கார்ந்து, சுவரைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு அழுதிருக்கிறாள். சத்தம் வெளியே போகக் கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு சிரித்தபடி வெளியே வந்து, "திருப்பலாமா?" என்பாள். அவர் கண் அவளை விட்டு அகலாது. அந்தப் பார்வையை அவள் பசி என்று நினைத்தாள். தாகம் என்று நினைத்தாள். டயப்பரைத் தொட்டுப் பார்த்தாள்.

"டீ ஆறுது" என்று தங்கச்சி வந்து நின்றாள். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். "எந்திரி. போதும்."

"இன்னும் ஒண்ணரை மணி நேரம் இருக்கு."

"உனக்குப் பைத்தியம்."

"இருக்கட்டும். நீ உள்ள போய் ஏதாவது செய். நின்னு பாத்திரம் கழுவு."

"நான் எதுக்குக் கழுவணும்?"

"எனக்குப் பார்க்கணும்டி."

தங்கச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் போய்க் கழுவினாள்.

மறுநாள் கடியாரக்கா அதே கட்டிலில் வலது பக்கம் படுத்தாள். ஜன்னல், தெரு, எதிர்க் கட்டடம். ஒரு மணி நேரம் நன்றாகத்தான் இருந்தது. மூன்று மணிக்கு வெயில் எதிர்க் கட்டடத்தின் கண்ணாடியில் பட்டு நேராக அவள் கண்ணில் விழுந்தது. தலையைத் திருப்பக் கூடாது என்பதால் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய இமைக்குள்ளும் சிவப்பாகத் தெரிந்தது. முப்பது நிமிஷம் அப்படியே இருந்தது. அவள் சேர்த்துக் கொடுத்த அந்த அரை மணி.

வலது பக்கம் திருப்பும்போது அவர் தொண்டையில் 'ம்ம்' என்று ஒரு சத்தம் வரும். தோள் வலி என்று நினைத்துத் தோளுக்குக் கூடுதலாக எண்ணெய் போடுவாள்.

"அது வெயிலுக்கா, தோளுக்கா, இல்ல நீ கண்ணுல படலைன்னா?" என்று தங்கச்சி கேட்டாள். இப்போது அவளுக்கும் விஷயம் சொல்லப்பட்டிருந்தது.

"தெரியாது."

"தெரியாததுக்கு ஏன் உன்னைப் போட்டு அரிச்சுக்கறே? நீ செஞ்சதை உலகத்துல எவ செய்வா?"

"செஞ்சதைப் பத்திப் பேச்சில்லடி. அவரு கண்ணைச் சிமிட்டுவாரு. ஒரு சிமிட்டு ஆமாம், ரெண்டு சிமிட்டு இல்ல. நான்தான் பழக்கினேன். பசிக்குதா, வலிக்குதா, குளிருதா, ஈரமா இருக்கா, எல்லாம் கேட்பேன். எந்தப் பக்கம் வேணும்னு ஒரு நாள் கேட்டதில்ல. அது என் நோட்டுல இருந்துச்சே, அவரைக் கேட்க என்ன இருக்குன்னு விட்டுட்டேன்." அவள் கட்டிலைத் தட்டிக் காட்டினாள். "அடைபட்டுக் கிடந்தவங்களை வாழ்நாள் முழுக்கக் கதவுக்கு வெளிய நின்னு கேள்வி கேட்ட மனுஷன் அவரு."

தங்கச்சி ஒரு மூட்டையை இழுத்து அதன்மேல் உட்கார்ந்தாள். பிறகு, "அந்தத் திரையை நான் சரியா அளவெடுத்துத் தைச்சிருந்தேன்னா அவருக்கு அதுவும் தெரிஞ்சிருக்காது" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது. கடியாரக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து சிரித்தார்கள்.

*

புதிய திட்டத்தில் முதுகு இல்லை. கடியார முகம் இல்லை. பலகை நீளவாக்கில் படுத்தது: ஆறடி நீளம், ஒன்றரை அடி உயரம். மூன்று பகுதி. வலது பகுதியில் ஜன்னல்; அதில் மூன்று மணி வெயிலுக்கு, கசக்கி விரித்த வெள்ளித்தாள், பார்க்கிறவர் கண் கூசும்படி. நடுவில் கூரையும் மின்விசிறியும், கரியில். இடது பகுதியில் திரையின் அடிப்பாகம், அதே திரையிலிருந்து வெட்டியது. அதன் கீழே தரை. தரையில் இரண்டு கால்கள், வெடித்த குதிகாலோடு. வெடிப்புக்குத் தங்கச்சியின் தையல். இந்தத் தடவை நூல் நன்றாகத் தெரிய வேண்டும். சுவர்ப் பகுதியைப் பெயிண்டர் தானே அடித்துத் தருவதாகச் சொன்னார், பட்டியைத் தேய்க்காமல் ஒரு மேடு விடட்டுமா என்று கேட்டதற்கு, "அது உங்க செவுரு. இது எங்க வீட்டுச் செவுரு, ஒழுங்கா இருக்கும்" என்று சொல்லிவிட்டாள்.

நோட்டுத் தாள்களை மூன்று பகுதிக்கும் அடியில் ஒட்டி, மெல்லிய வண்ணத்தால் மூடுவது என்று எழுதினாள். இருந்தது என்று தெரியும், படிக்க வராது.

டீச்சர் இரண்டு திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "முதல்ல போட்டது பார்த்த உடனே புரியும்மா. இது..." என்று இழுத்தாள்.

"இது குனிஞ்சு பார்த்தாத்தான் புரியும். கட்டில் உயரத்துல மாட்டணும். தரையிலேர்ந்து ரெண்டடி."

"ரெண்டடியா? யாரு கண்ணுலயும் படாதே."

"எனக்கும் நாலு வருஷம் படல" என்றாள் கடியாரக்கா.

பயிற்சி நிலையத் தலைவிதான் ஒத்துக்கொள்ள வேண்டும். செவ்வாய்க்கிழமை கடியாரக்கா திட்டத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். தலைவி இப்போது கனத்துப்போயிருந்தாள். கஞ்சி போட்ட சீருடை நடக்கும்போது சரசரத்தது. தாளைப் பிரித்துப் பார்த்தவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"என்னடி இது? கால் படம் போட்டிருக்கே! நாலு வருஷம் ஒரு புண் இல்லங்கறதைத்தானே நான் கேட்டேன்? அதுதான் இந்தப் பிள்ளைங்களுக்கு வேணும். அதுல பாதிப் பேருக்கு இப்பவே திருப்புறதுக்குச் சோம்பேறித்தனம்."

"புண் வரக் கூடாதுங்கறதை நீ பாடத்துல சொல்றே. அதுக்குப் படம் எதுக்கு?"

"இதுக்கு மட்டும் எதுக்கு?"

"இது பாடத்துல இல்ல. இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். உன்னைவிட நல்ல மார்க் வாங்கினவ நான்."

தலைவிக்குக் கோபம் வந்தது. "அந்த மார்க்கை இன்னும் விடலையா நீ? சரி, ரெண்டடி உயரத்துல மாட்டினா வர்றவங்க எல்லாம் காலால உதைப்பாங்க. முடியாது."

கடியாரக்கா அதற்கு மேல் வாதாடவில்லை. வாதாடிப் பழக்கமில்லை. பக்கத்து அறையில் பயிற்சிக் கட்டில் இருந்தது; அதில் மாணவிகள் திருப்பிப் பழகுகிற ரப்பர் பொம்மை கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தது. கடியாரக்கா பொம்மையைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"வந்து படு."

"எதுக்கு?"

"படுடி. உனக்கு நான் மார்க் போடறேன்."

தலைவி கதவைச் சாத்தினாள். மாணவிகள் பார்த்துவிடக் கூடாது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தாள். கட்டில் முனகியது. கடியாரக்கா பழைய பழக்கத்தில், தலைவியின் கையை மடித்து, முழங்காலை வளைத்து, இடது பக்கமாகத் திருப்பினாள். முதுகுக்குத் தலையணை கொடுத்தாள்.

"அசையக் கூடாது. பேசக் கூடாது. ஆமாம்னா ஒரு சிமிட்டு, இல்லைன்னா ரெண்டு."

"எவ்வளவு நேரம்?"

"பேசக் கூடாது."

கடியாரக்கா பொம்மைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். வெளியே தாழ்வாரத்தில் மாணவிகள் சிரித்துக்கொண்டே கடந்து போனார்கள். தலைவி எதிரில் இருந்த இரும்பு அலமாரியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அலமாரிக்கு அடியில் தூசியும், எப்போதோ உருண்டு போன ஒரு பேனாவும், ஒற்றைக் கையுறையும் கிடந்தன. அவள் புருவம் சுருங்கியது. யாரையோ திட்ட வாய் திறந்தாள், மூடிக்கொண்டாள். ஐந்து நிமிஷம் போயிற்று. ஏழு நிமிஷம். தாழ்வாரத்தில் யாரோ அவளைப் பெயர் சொல்லித் தேடினார்கள். அவள் கண் கதவுப் பக்கம் போகப் பார்த்தது, கதவு முதுகுக்குப் பின்னால் இருந்தது. கண்ணை அந்த அளவுக்குத் திருப்ப முடியவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது.

கடியாரக்கா எழுந்து வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தினாள். முழங்கால் கடகடத்தது. தலைவியின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள்.

"உன்னைத் திருப்பணுமா?"

ஒரு சிமிட்டு.

"மல்லாந்தா?"

இரண்டு சிமிட்டு. அவசரமாக.

"ஜன்னல் பக்கமா?"

இரண்டு சிமிட்டு.

"கதவுப் பக்கமா?"

ஒரு சிமிட்டு. கூடவே, பொறுக்க மாட்டாமல், "யாரு தேடறாங்கன்னு பார்க்கணும்டி, சீக்கிரம் திருப்பு" என்று வாயும் திறந்துவிட்டது.

கடியாரக்கா ஒரு கையைத் தோளுக்கும் ஒரு கையை இடுப்புக்கும் கொடுத்தாள். "சொல்லு, ரெண்டடியில மாட்டலாமா?"

"முதல்ல திருப்பு" என்றாள் தலைவி. "எல்லாரும் குனிஞ்சு பார்க்கப் போறாங்க, அலமாரிக்கு அடியிலயும் கூட்டச் சொல்லணும்."